ஆக்சிஜன் சென்சாரை வீட்டிலேயே மாற்றுவது: அறிகுறி பார்த்து இறங்குங்கள்

டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. ஸ்கேனர் மாட்டினால் ஆக்சிஜன் சென்சார் (புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளக்கும் பாகம்) பெயரைச் சொல்லி ஒரு கோடு, அதாவது பழுதுக் குறியீட்டு எண், வருகிறது. பட்டறையில் கேட்டால் "சென்சார் போயிடுச்சு சார், மாத்திரலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். சில சமயம் அது சரி. பல சமயம் சென்சார் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டு, வேறெங்கோ இருக்கும் கோளாறைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். அப்போது சில ஆயிரம் ரூபாய் போட்டுப் புதியது மாட்டினாலும் கொஞ்ச நாளில் அதே விளக்கு எரியும். ஆகவே ஸ்பேனரை எடுக்கும் முன் அரை மணி நேரம் சோதனைக்கு ஒதுக்குங்கள்.

இங்கே சொல்வதெல்லாம் பெட்ரோல் கார்களுக்கு. இந்தியாவில் 2013 ஏப்ரலுக்குப் பின் வந்த கார் என்றால் ஓபிடி 2, அதாவது கார் தன் பழுதைத் தானே கண்டு சொல்லும் அமைப்பு, இருக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் ஒரு ப்ளூடூத் டாங்கிளை மாட்டினால் கோடையும், எஞ்சின் ஓடும்போது வரும் அளவுகளையும் போனிலேயே பார்க்கலாம். அது இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். வெறும் விளக்கைப் பார்த்து யாராலும் எதையும் சொல்ல முடியாது.

எந்த சென்சார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலான சின்னக் கார்களில் இரண்டு சென்சார் உண்டு. கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) முன்னால் இருப்பது சென்சார் 1. அதற்குப் பின்னால் இருப்பது சென்சார் 2. எரிபொருள் அளவைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு முதலாவதுக்கு. இரண்டாவது, கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று காவல் காப்பது. பி0130 முதல் பி0135 வரை வந்தால் முன்னது. பி0136 முதல் பி0141 வரை வந்தால் பின்னது. இதைக் குழப்பிக்கொண்டு நல்ல சென்சாரைக் கழற்றிப் போட்டவர்கள் ஏராளம். முன்னது பெரும்பாலும் பானெட்டைத் திறந்தாலே மேனிஃபோல்டில் (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாய்த் தொகுதி) தெரியும். பின்னதற்கு வண்டிக்கு அடியில் போக வேண்டியிருக்கும்.

உள்ளே இருப்பது ஜிர்கோனியா என்ற பீங்கான். போஷ் நிறுவனம் 1976-ல் வோல்வோ 240 காரில் முதன்முதலில் கொண்டுவந்த அதே தத்துவம்தான் இன்றும். பீங்கானின் ஒரு பக்கம் புகை, மறு பக்கம் வெளிக்காற்று. இரண்டிலும் உள்ள ஆக்சிஜன் வித்தியாசத்துக்கு ஏற்ப மின்னழுத்தம் பிறக்கிறது. பெட்ரோல் அதிகமென்றால் 0.9 வோல்ட் பக்கம், காற்று அதிகமென்றால் 0.1 பக்கம். இந்தப் பீங்கான் ஏறக்குறைய 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வேலை செய்யும். சீக்கிரம் சூடாக்க உள்ளேயே ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். நாலு வயரில் ஒரே நிறத்தில் உள்ள இரண்டு, பெரும்பாலும் வெள்ளை, அந்த ஹீட்டருக்குத்தான்.

புதிய கார்கள் சிலவற்றில் முன்னால் இருப்பது இந்த வகை அல்ல, வைட்பேண்ட் வகை. ஐந்து அல்லது ஆறு வயர் இருந்தால் அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு வயரிலும் அந்த இனம் உண்டு. அதற்குக் கீழே சொல்லும் வோல்ட் கணக்கு பொருந்தாது. ஒன்றின் இடத்தில் மற்றதை மாட்டவும் முடியாது.

விளக்கு எரிகிறது, ஆனால் வண்டி நன்றாகவே ஓடுகிறது. கோடு பி0135 அல்லது பி0141

இது ஹீட்டர் கோடு. முதன்முறை செய்பவருக்கு இதைவிட நல்ல கோடு கிடையாது, ஏனென்றால் மல்டிமீட்டர் வைத்தே முடிவு தெரிந்துவிடும். முதலில் ஃப்யூஸ் பாருங்கள். பல கார்களில் சென்சார் ஹீட்டருக்கும் வேறு சில பாகங்களுக்கும் ஒரே ஃப்யூஸ்தான்.

ஃப்யூஸ் சரி என்றால் எஞ்சின் ஆறிய பின் கன்னெக்டரைக் கழற்றி, சென்சார் பக்கத்தில் அந்த ஒரே நிற வயர் இரண்டுக்கும் இடையே ஓம் அளவிடுங்கள். காருக்குக் கார் மாறும். ஆனாலும் சில ஓம் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாமல் திறந்த சர்க்யூட் என்று வந்தால் ஹீட்டர் அறுந்துவிட்டது. சென்சார் மாற்ற வேண்டியதுதான், வேறு யோசனையே வேண்டாம்.

ஓம் சரியாக வந்தால், வண்டி பக்கக் கன்னெக்டரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். சில கார்களில் இக்னிஷன் போட்டாலே வரும், சிலவற்றில் எஞ்சின் ஓடினால்தான் வரும். வரவில்லையென்றால் வயரைப் பின்தொடருங்கள். நம் ஊரில் இதற்கு முதல் சந்தேக நபர் எலிதான். இரவில் வண்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் குப்பையோ தோட்டமோ இருந்தால், சூடான எஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்து வயரைக் கடித்து வைத்துவிடும். பிளாஸ்டிக் உறைக்குள் கடித்திருந்தால் வெளியே தெரியாது. விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மழை வெள்ளத்தில் நின்ற கார் என்றால் பின் சென்சாரின் கன்னெக்டரைத் திறந்து பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மைலேஜ் இறங்கிவிட்டது, சைலன்சர் வாயில் கரி, பெட்ரோல் வாடை. கோடு பி0172 அல்லது பி0132

ரிச், அதாவது பெட்ரோல் அதிகம் என்கிறது. கேள்வி ஒன்றுதான்: நிஜமாகவே அதிகமா, அல்லது சென்சார் பொய் சொல்கிறதா? டாங்கிளில் இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. வண்டி நன்றாகச் சூடான பின் நியூட்ரலில் வைத்து 2500 ஆர்.பி.எம்.மில் பிடியுங்கள். சென்சார் 1 மேலும் கீழுமாக, 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே, விடாமல் ஆட வேண்டும். அப்புறம் ஆக்ஸிலேட்டரை ஒரு வெட்டு வெட்டி விடுங்கள். வெட்டும்போது 0.8-க்கு மேல் போய், காலை எடுத்ததும் 0.1 பக்கம் விழ வேண்டும், ஏனென்றால் அந்த நேரம் இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். இப்படி ஏறி இறங்குகிற சென்சார் உயிரோடுதான் இருக்கிறது. அதைக் கழற்றாதீர்கள். ஏர் ஃபில்டர் அடைப்பு, ஒழுகும் இன்ஜெக்டர், ஃப்யூவல் பிரஷர் என்று அந்தப் பக்கம் தேடுங்கள்.

காலை எடுத்த பிறகும் 0.8-லேயே நின்றால் சென்சாரையோ அதன் வயரையோ சந்தேகப்படலாம். சிக்னல் வயர் ஹீட்டரின் 12 வோல்ட் வயரோடு உரசி ஒட்டிக்கொண்டாலும் இப்படிக் காட்டும். பல கார்களில் 0.45-லேயே அசையாமல் நிற்பது வேறு கதை: அது எஞ்சின் கம்ப்யூட்டர் தானாக வைத்திருக்கும் அளவு, சென்சாரிடமிருந்து பதிலே வரவில்லை என்று அர்த்தம். அதோடு பி0134 வந்தால் கன்னெக்டரையும் ஹீட்டரையும் பார்த்துவிட்டு சென்சாரை மாற்றலாம்.

பி0171, ஐடிலில் (ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) தடுமாற்றம், கூடவே சில சமயம் பி0131

லீன். காற்று அதிகம் அல்லது பெட்ரோல் குறைவு. சென்சாரை அநியாயமாகப் பலி கொடுப்பது இந்தக் கோடில்தான். டாங்கிளில் லாங் டெர்ம் ஃப்யூவல் ட்ரிம் என்று ஒரு எண் இருக்கும். கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோல் சேர்க்கிறது என்பதுதான் அது. ஐடிலில் கூட்டல் 20 பக்கம் இருந்து, 2500-ல் பிடித்ததும் நன்றாக இறங்கினால் எங்கோ வேக்கம் லீக், அதாவது கணக்கில் வராத காற்று எஞ்சினுக்குள் புகுகிறது. ரப்பர் ஹோஸ் வெடிப்பு, இன்டேக் கேஸ்கெட், பிசிவி வால்வு (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பும் வால்வு) மூன்றையும் பாருங்கள். மாறாக ஐடிலில் நன்றாக இருந்து, மேடு ஏறும்போதும் ஓட்டத்திலும் ஏறினால் பெட்ரோல் பம்ப் அல்லது ஃபில்டர் பக்கம். இரண்டுக்கும் சென்சாருக்கும் சம்பந்தமில்லை.

அடுத்து சைலன்சர் லீக். மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் சின்ன ஓட்டை இருந்தாலும் புகை துடித்துத் துடித்து வரும் இடைவெளியில் வெளிக்காற்றை உள்ளே இழுத்துவிடும். சென்சார் அந்த ஆக்சிஜனையும் சேர்த்து எண்ணி "லீன்" என்று சொல்லும். கம்ப்யூட்டரும் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். கடைசியில் லீன் கோடோடு பெட்ரோல் வாடையும் மைலேஜ் குறைவும் சேர்ந்து வரும். ஆளைக் குழப்பிவிடும் கூட்டணி இது. காலையில் ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் மேனிஃபோல்டு பக்கம் காதை வையுங்கள். டிக் டிக் என்று சத்தம் வந்து, சூடானதும் அடங்கினால் லீக்தான். உலோகம் சூட்டில் விரிந்து இடைவெளியை அடைப்பதால் அப்படி. இந்தச் சோதனை திறந்த வெளியில் மட்டும். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓட விடாதீர்கள்.

இ20 பெட்ரோல் பற்றியும் ஒரு வார்த்தை. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். 20 சதவீதம் எத்தனால் சேர்ந்தால் அது 13.5 அளவுக்கு இறங்கிவிடும். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதுதான் காரணம். சென்சார் இதை உடனே கண்டு கம்ப்யூட்டரிடம் சொல்லும், ட்ரிம் கூட்டலில் கொஞ்சம் ஏறும். பழைய காரில் ஏற்கெனவே சின்ன வேக்கம் லீக் இருந்து எல்லையை ஒட்டி நின்றிருந்தால், இந்தக் கூடுதல் பளுவில் பி0171 வந்துவிடலாம். இதிலும் சென்சார் மேல் தப்பில்லை.

பி0133

சென்சார் பதில் சொல்கிறது, ஆனால் மெதுவாக. லீக் எதுவும் இல்லை, வண்டியும் லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது என்றால் சென்சாருக்கு வயதாகிவிட்டது. மாற்றுங்கள்.

பி0420

கன்வெர்ட்டர் திறன் குறைந்தது என்று பொருள். பின் சென்சார் சூடான பிறகு 0.6, 0.7 பக்கம் ஏறக்குறைய நேர்கோடாக இருக்க வேண்டும். முன் சென்சாரைப் போலவே ஆடினால் கன்வெர்ட்டர் களைத்துவிட்டது. கன்வெர்ட்டரைவிட சென்சார் விலை குறைவு என்பதற்காக அதை மாற்றிப் பார்க்கலாமே என்ற ஆசை வரும். நான் மாற்றச் சொல்ல மாட்டேன். சைலன்சர் லீக் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) கோடு ஏதாவது இருந்தால் அதை முதலில் சரி செய்யுங்கள்.

வாங்கும்போது

மாடல், வருடம் மட்டும் சொன்னால் போதாது. பழைய சென்சாரின் உடலில் அல்லது கன்னெக்டரில் உள்ள பார்ட் நம்பரைப் போட்டோ எடுத்துக் கடைக்காரரிடம் காட்டுங்கள். கன்னெக்டரோடு வரும் நேரடிப் பொருத்தமே முதன்முறைக்கு நல்லது. வயரை வெட்டி ஒட்டும் யூனிவர்சல் வகை விலை குறைவுதான், ஆனால் ஒரு சிக்கல் உண்டு. பீங்கானின் மறு பக்கத்துக்கு வெளிக்காற்று வேண்டும் என்றேன் அல்லவா? பல சென்சார்களில் அந்தக் காற்று வருவதே வயரின் உறைக்கும் உள்ளே இருக்கும் கம்பி இழைகளுக்கும் நடுவே உள்ள நூல் இடைவெளி வழியாகத்தான். சால்டர் வைத்தால் அந்த வழி அடைபடும். அதனால் கிரிம்ப், அதாவது நசுக்கிப் பிடிக்கும் இணைப்புதான் போட வேண்டும். இதே காரணத்துக்காகத்தான் கன்னெக்டருக்குள் கிரீஸ் அப்பக்கூடாது, கான்டாக்ட் கிளீனர் அடிக்கவும் கூடாது.

பாதி விலைக்கு, பெரிய பிராண்டு டப்பாவில் அச்சு மங்கலாக வரும் சரக்கைத் தொடாதீர்கள்.

சென்சார் அசையவே இல்லை

உண்மையான வேலை இங்கேதான். மற்றதெல்லாம் பத்து நிமிஷம். சென்சார் மரை பெரும்பாலும் எம்18 (18 மி.மீ. விட்டம்), 1.5 மி.மீ. பிட்ச், தலை 22 மி.மீ. பக்கவாட்டில் வயருக்கு வெட்டு விட்ட ஆக்சிஜன் சென்சார் சாக்கெட் கிடைக்கும். இடம் இருந்தால் ரிங் ஸ்பேனரே மேல், அது விரியாது. வெட்டு விட்ட சாக்கெட் அதிக பலத்தில் வாய் பிளந்து, தலையின் மூலைகளை மழுங்கடித்துவிடும். மழுங்கிய பின் பைப் ரென்ச் தவிர வேறு கதி இல்லை.

முதல் நாள் இரவே, எஞ்சின் ஆறிய பிறகு, மரையின் அடியில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற விடுங்கள். காலையில் திரும்ப ஒரு முறை. அப்புறம் எஞ்சினை சில நிமிஷம் ஓட்டி, கை வைக்க முடியாத சூடு, ஆனால் கொதிக்காத நிலையில் நிறுத்திவிட்டு, தடிமனான கையுறை போட்டு முயலுங்கள். பைப் விரிந்திருக்கும்போது மரை இளகும். இழுக்கும்போது மெதுவாக அழுத்துவதைவிட, ஸ்பேனர் முனையில் கையால் சட்டென்று ஒரு தட்டு தட்டுவது பல சமயம் வேலை செய்யும். கால் சுற்று வந்ததும் அவசரப்பட்டு முழுக்கச் சுற்றாதீர்கள். கொஞ்சம் திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி கழற்றுங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் மரை பிய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். நிறுத்தி, எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாக ஆட்டுங்கள்.

பழைய சென்சார் எப்படியும் குப்பைக்குத்தான் என்பது உறுதியானால் வயரை வெட்டிவிட்டு, முழு ஆறு முனை டீப் சாக்கெட்டைத் தலையில் இறக்குங்கள். பிடி நன்றாக இருக்கும். ஆனால் வெட்டிய பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போகும் வசதி குறைந்துவிடும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அடியில் வேலை என்றால் ஜாக்கியை மட்டும் நம்பி உடம்பை உள்ளே விடாதீர்கள். சமதரையில், ஸ்டாண்ட் போட்டு, தரையில் நிற்கும் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, வண்டியை ஒரு முறை தள்ளி அசைத்துப் பார்த்த பிறகே படுக்க வேண்டும்.

மரையும் சேர்ந்து வந்துவிட்டது

எம்18 1.5 டேப்பை (மரை வெட்டும் கருவி) எண்ணெய் தடவி, கையால் நேராகச் செலுத்திச் சுத்தம் செய்தால் பல சமயம் பிழைத்துக்கொள்ளும். டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் அப்பினால் இரும்புத் தூள் அதில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும், கன்வெர்ட்டர் பக்கம் போகாது. முழுக்கப் போயிருந்தால் லேத் பட்டறையில் புது மரை நட் வெல்டு செய்து தருவார்கள். சிலிக்கான் சீலன்ட் அப்பி ஒப்பேற்றும் யோசனையைச் சொல்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். சாதாரண சிலிக்கானின் ஆவி புதிய சென்சாரையே கொன்றுவிடும்.

பழைய சென்சாரின் முனையைப் பாருங்கள்

தூக்கிப் போடும் முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மங்கிய சாம்பல் நிறம் இயல்பு. கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகமாக எரிந்திருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதியதை மாட்டினால் அதுவும் அப்படியே ஆகும். சுண்ணாம்பு பூசியது போல் வெள்ளைப் பொடி என்றால் சிலிக்கான். பச்சை சாயல் அடிக்கும் படிவு கூலன்ட் எரிவதைச் சொல்கிறது, ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள். தடித்த சாம்பல் ஒட்டியிருந்தால் ஆயில் எரிகிறது. ஈயம் படிந்து சாகும் சென்சார்களை இப்போது பார்க்க முடியாது. 2000 பிப்ரவரியோடு நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுவிட்டது.

புதியது கையால் ஏறவில்லை

ஸ்பேனரைத் தொடாதீர்கள். முழு மரையும் விரலாலேயே ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் கோணம் தப்பு அல்லது மரையில் அழுக்கு. கழற்றி, மரையைச் சுத்தம் செய்து, முதலில் எதிர்த்திசையில் மெல்லச் சுற்றுங்கள். மரை வாய் பொருந்தும்போது ஒரு சின்ன 'டக்' உணர்வு வரும், அங்கிருந்து வலப்பக்கம் திருப்புங்கள்.

மரையில் ஏற்கெனவே ஆன்டி சீஸ் பசை (மரை இறுகிப் பிடிக்காமல் தடுப்பது) பூசி வந்திருந்தால் மேலே எதுவும் தடவ வேண்டாம். பூசாமல் வந்தால் அதிக சூடு தாங்கும் வகையை மரையில் மட்டும் மெல்லியதாகத் தடவுங்கள். முனையில் ஒரு பொட்டுகூடப் படக்கூடாது. டார்க் ரென்ச் (இறுக்க அளவைக் காட்டும் ஸ்பேனர்) இருந்தால் 40 முதல் 50 நியூட்டன் மீட்டர், உங்கள் காரின் மேனுவல் வேறு சொன்னால் அதுவே சரி. ரென்ச் இல்லையென்றால் கையால் முட்டிய பின், வாஷர் நசுங்க அரை முதல் முக்கால் சுற்று. கீழே விழுந்த சென்சாரை மாட்டாதீர்கள். வெளியே கீறல் தெரியாவிட்டாலும் உள்ளே பீங்கான் உடைந்திருக்கலாம். வயரைப் பழைய கிளிப்புகளிலேயே போட்டு, சூடான பைப்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டிய பிறகு

ஸ்டார்ட் செய்ததும் சென்சார் பக்கம் புகை வருகிறதா? ஊறவிட்ட எண்ணெயும் பசையும் எரிகிறது. சில நிமிஷத்தில் நின்றுவிடும். உஸ் என்ற சத்தமோ டிக் டிக்கோ வந்தால் சரியாக உட்காரவில்லை. ஆறவிட்டு இறுக்கம் பாருங்கள்.

விளக்கு அணையவில்லை என்றால் பயப்பட வேண்டாம். டாங்கிளில் கோடை அழித்துவிடுங்கள். அழிக்காமல் விட்டாலும் கோளாறு இல்லாத ஓட்டங்கள், பொதுவாக மூன்று, தொடர்ந்து முடிந்தால் தானாக அணையும். அழித்த கையோடு பழுது தீர்ந்தது என்று சொல்லிவிடவும் முடியாது. கம்ப்யூட்டர் தன் சோதனைகளை மறுபடி ஓட்டி முடிக்க ஆறிய எஞ்சினில் தொடங்கி ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் ஓட வேண்டும். ஆப்பில் ரெடினஸ் என்ற இடத்தில் சென்சார், ஹீட்டர் இரண்டும் முடிந்ததாகக் காட்டும் வரை பொறுங்கள்.

அதே ஹீட்டர் கோடு அன்றே திரும்பினால் பிரச்சினை வயரில் அல்லது ஃப்யூஸில், அல்லது தவறான சென்சார் வாங்கியிருக்கிறீர்கள். முன்பு இல்லாத புதிய கோடு வந்தால் முன், பின் கன்னெக்டர்கள் மாறிப் போயிருக்கிறதா என்று பாருங்கள். சில கார்களில் இரண்டும் ஒரே வடிவம்.

புகைப் பரிசோதனைக்குப் போகும்போது பிஎஸ் 4 காருக்கு லாம்டா அளவும் (காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் இருந்தால் 1) அச்சாகும். 0.97-க்கும் 1.03-க்கும் இடையே இருந்தால் முன் சென்சார் சொல்வதைக் கம்ப்யூட்டர் கேட்டு நடக்கிறது என்று நம்பலாம்.

எல்லாம் சரி, கோடும் இல்லை, மைலேஜ் மட்டும் ஏறவே இல்லை என்றால் கூலன்ட் வெப்பத்தைப் பாருங்கள். அரை மணி ஓட்டிய பிறகும் 70 டிகிரியைத் தாண்டவில்லையென்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கும். எஞ்சின் இன்னும் ஆறியே இருக்கிறது என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும்.